மவுஸ் தொடாத செக்‌ஷன்

நேர்கோடு போடுவதில் ராஜா என்பதால் ‘கோட்டு மகாராஜா’ என்று பெயரெடுத்தவர் வாயைத் திறந்தால், கேன்டீனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அன்று அவர் மிமிக்ரிக்கு எடுத்தது செக்‌ஷன் தலைவியின் குரல்.

“கோடு போடாதீங்க, எழுதுங்க. ‘ரிலேயிலேர்ந்து மோட்டாருக்கு நீல ஒயர்’னு எழுதினா, படத்தை கம்ப்யூட்டரே வரைஞ்சுக்கும்.”

லிஃப்ட்டுக்குக் கன்ட்ரோல் பெட்டி செய்யும் கம்பெனி அது. எந்த ஒயர் எங்கே போகிறது என்று மவுஸால் படம் வரைந்துகொண்டிருந்தவர்களை ஒரே நாளில் எழுத வைத்துவிட்டாள் தலைவி. காரணம் கேட்டால் தப்பு குறையும் என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது. அவளுக்குத் ‘தந்தி’ என்று பட்டப்பெயர் வைத்தது மகாராஜாதான். மேனேஜரிடம் புகார் போனபோது முதல் ஆளாய் நின்றதும் அவரேதான்.

மேனேஜர் நேரே செக்‌ஷனுக்கே வந்துவிட்டார். வரையத் தெரிந்தவர்கள் கையைக் கட்டிப்போட இவள் யார் என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மேனேஜர் மகாராஜா பக்கம் திரும்பினார்.

“உங்க கோடு ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி இருக்குமாமே. மவுஸைப் பிடிங்க. ஒரு கனெக்‌ஷன் வரைஞ்சு காட்டுங்க, இந்தம்மா பார்க்கட்டும்.”

சுற்றிலும் கூட்டம் கூடியது. மகாராஜா உட்கார்ந்தார்.

அவர் கை நீள்வதற்குள் தலைவி குறுக்கே புகுந்தாள். மவுஸை ஒயரோடு பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“என் செக்‌ஷன்ல யாரும் வரைய மாட்டாங்க சார்.”

“என்னம்மா பிடிவாதம் இது?”

“பிடிவாதம்தான். எங்க பெட்டி ஒண்ணாவது ஒயர் மாறித் திரும்பி வரட்டும், அன்னைக்கு மவுஸைத் தரேன்.”

எழுத ஆரம்பித்ததிலிருந்து அப்படி ஒன்றும் வந்ததில்லை. மேனேஜருக்கும் அது தெரியும். பல்லைக் கடித்தார்.

“சரி, எழுதிக்கிட்டே இருங்க. ஆனா இந்த வருஷம் உங்களுக்கு ப்ரமோஷன் கிடையாது.”

“வேணாம் சார்.”

மேனேஜர் விருட்டென்று போனார். ஒருவர் திமிர் என்றார், இன்னொருவர் தலைக்கனம் என்றார். முணுமுணுத்தபடியே கூட்டம் கலைந்தது. மகாராஜா மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

தலைவி குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“கையை மேஜைக்கு அடியில வச்சுக்குங்கண்ணே. நடுக்கம் வெளியில தெரியுது.”