கதவோர சீட்டு

"ஒரு நிமிஷம் சார்" என்று அவசரமாக எழுந்து போன தியேட்டர் கவுண்டர்காரர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"வழக்கம்போல உங்களுக்குக் கதவோர சீட்டு, அம்மாவுக்கு நடு வரிசை. சரிதானே?"

"இல்ல. ரெண்டும் நடுவுல, பக்கத்துல பக்கத்துல" என்றார் மனைவியோடு வந்திருந்தவர்.

"அப்பாடா! ரெண்டு வருஷச் சண்டை தீர்ந்துதா?"

மனைவி சிரித்தாள். "சண்டையா? இடைவேளைக்குள்ள நாலு தடவை பாத்ரூம் ஓடிட்டிருந்தார், அதான்."

"மூத்திரப் பைக்குக் கீழ, ப்ராஸ்டேட் சுரப்பியில புற்றுநோய் இருந்துச்சுப்பா" என்றார் அவர். " கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளை உள்ள விட்டு, லேசர்ல சூடேத்திக் கட்டியை மட்டும் கருக்கிட்டாங்க. இப்போ நிம்மதி."

"எனக்கு ஒரு குந்துமணி தங்கம் வாங்கித் தராத மனுஷன்!" என்றாள் மனைவி.

கவுண்டர்காரர் சிரிக்கவில்லை. டிக்கெட்டோடு ஒரு வெற்றுத் தாளையும் பேனாவையும் நீட்டினார்.

"எந்த டாக்டர்னு இதுல எழுதி வைங்க சார். ஒரு நிமிஷம்..." என்று மறுபடியும் அவசரமாக எழுந்தார்.