சக்கரமும் தொட்டித் தண்ணீரும்

டைல்ஸ் அறுக்கும் சக்கரத்துக்குக் கீழ்த்தொட்டியில் நிற்கும் தண்ணீர் என்றால் உயிர். ஆனால் சுவிட்சு போட்டதும் அதையேதான் வாரி இறைக்கும்.

"தொட்டாலே தூக்கி எறியிற. இதுல பாசம் வேறயா?" என்று தண்ணீர் கேலி பேசும்.

அன்று, புதுப் பெயின்டில் சேறு தெறிக்கிறதென்று வீட்டுக்காரம்மா கத்தவும், கொத்தனார் செபஸ்தி தொட்டியைக் கவிழ்த்துவிட்டுத் தண்ணீரில்லாமலே அறுத்தார். சக்கரம் சூடேறிப் புகை கிளம்பியது.

"நில்லுப்பா! நீ வெடிச்சா அந்தாளு விரல் போயிடும்," என்று டைல்ஸ் அலறியது.

"சுவிட்சு என் கையிலயா இருக்கு?" என்றது சக்கரம்.

"சரி, நானே உடையிறேன்."

டைல்ஸ் படீரென்று உடைந்த சத்தத்தில் செபஸ்தி சுவிட்சை அணைத்தார். திட்டிக்கொண்டே வாளியோடு குழாயடிக்குப் போனார்.

தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மறுபடி சுற்றவிடும் முன் ஒரு நிமிஷமாவது அதைத் தொட்டபடி சும்மா நிற்க விடுவாரா என்று, கொதித்துக் கிடந்த சக்கரம் காத்திருந்தது.