வெளியாள் வரக்கூடாது

தூர தேசத்தாரோடு பேச உதவும் ஒரு ஹாம் ரேடியோ மலையுச்சிக் கொட்டகையில் இருந்தது, அதன் மைக்கோ கீழே ஊரில். இரண்டும் இன்டர்நெட் வழியாகச் சேர்ந்து பேச வேண்டும். சாயங்காலத்துக்குள் பேசாவிட்டால் ரேடியோவைக் கழற்றிப் பரணில் போட்டுவிடுவார்கள்.

"பாப்பா, ஏதோ ஒரு மைக் உன்னைக் கேட்டு வந்தது. விரட்டிவிட்டேன்" என்றது கொட்டகை வாசலில் இன்டர்நெட்டுக்குக் காவல் இருந்த ரூட்டர்.

"யாரைக் கேட்டு விரட்டினீர்கள், அண்ணே?"

"வெளியாள் உள்ளே வரக்கூடாது. எல்லாம் உன் பாதுகாப்புக்குத்தான்."

ரேடியோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடல் தாண்டிப் பேசப் பிறந்தவளுக்குப் பாதுகாப்பாம்!

"சரி, உள்ளே இருப்பவள் வெளியே கூப்பிடலாமா?"

ரூட்டர் விழித்தது. "அதைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே."

"அப்படியானால் நானே கூப்பிடுகிறேன். நகருங்கள்."

ரேடியோ மைக்கைக் கூப்பிட்டது. கிடைத்த இணைப்பை இறுகப் பிடித்துக்கொண்டது. அதே வழியாக மைக்கின் குரல் மலையேறி வந்து, ஆன்டெனாவிலிருந்து கடலுக்கு மேலே பறந்தது.

"பார்த்தாயா பாப்பா, என் காவலில் ஒருத்தரும் உள்ளே வரவில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தியது ரூட்டர்.

ரேடியோவுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அக்கரையிலிருந்து மூன்று பேர் ஒரே நேரத்தில் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.