எல்லை தாண்டாத வண்டி

"இப்ப எங்கதான் தம்பி நிக்கிறீங்க?"

காசியம்மா கைப்பேசியில் கத்திய கத்தலில், குழம்பு கிளறிக்கொண்டிருந்த சின்னப்பிள்ளை கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"வாஞ்சூர் செக்போஸ்ட்லதான் அக்கா."

"காலையிலேருந்து வாஞ்சூரு வாஞ்சூருங்கிற! வண்டி அங்கேயே வேரு வுட்டுருச்சா?"

மறுமுனையில் பேசியவன் கார்த்திகேசன், சுற்றுலா வழிகாட்டி. 'முக்கியமான ஆளுங்க வர்றாங்க. உங்க சாப்பாட்டைச் சாப்பிட்டுத் திருப்தியாப் போனாங்கன்னா, வாரா வாரம் உங்க திருவேட்டக்குடியில வண்டி நிக்கும்' என்று ஆசை காட்டியவன் அவன்தான். வலையில் மீன் விழுந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருந்த வீடுகளின் பெண்கள், அந்த ஒரு சொல்லை நம்பிச் சமையல் குழுவாகச் சேர்ந்தார்கள்.

கொடுவா மீன் குழம்பு, இறால் தொக்கு, நெத்திலி வறுவல் எல்லாம் தயார். பிளாஸ்டிக் கூடவே கூடாது என்று அவன் சொன்னதற்காக வாழை இலையும் மண் குவளையும் வாங்கி வைத்தாயிற்று. விருந்தாளிகளைத்தான் காணோம்.

"நாகூருல புடிச்ச வேன் அக்கா, தமிழ்நாட்டு நம்பரு. நம்ம யூனியன் பிரதேசத்துக்குள்ள நுழைய பெர்மிட் வேணும். டிரைவர் எடுக்காம வந்துட்டான்."

"அங்கேயே எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"அதுலதான் சண்டையே. யாரு கையெழுத்துப் போடுறதுன்னு வண்டியில வந்தவங்களே ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சு நிக்கிறாங்க. 'உங்க வண்டி, நீங்க போடுங்க'ங்கிறாங்க நம்ம பக்கத்து ஆளுங்க. 'உங்க ஊருக்குத்தானே வர்றோம், நீங்க போடுங்க'ங்கிறாங்க அந்தப் பக்கத்து ஆளுங்க."

"ஒரே வண்டியில வந்தவங்களா இப்படி?"

"அது மட்டுமா? சுற்றுலாவுக்கு வந்தோம்னு சொன்னா, சாவடியில ஏட்டய்யா சிரிக்கிறாரு. 'சரக்கு மலிவுன்னு இந்தக் கம்பியைத் தாண்டுற எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. எந்தக் கடைக்குக் குடிக்கப் போறீங்க'ன்னு கேக்குறாரு."

காசியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "சோறு ஆறி வெறைச்சுப் போவுது. நீங்க ஒண்ணும் வர வேணாம். நானே தூக்கிட்டு வர்றேன்."

அண்டாக்கள் குட்டியானை வண்டியில் ஏறின. இரண்டு பெண்களும் அவற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாஞ்சூரில் போய் இறங்கினார்கள்.

துறைமுகத்துக்குப் போகும் நிலக்கரி லாரிகள் வரிசை கட்டி நின்றன. வேனுக்கும் ஒரு வேப்பமரத்துக்கும் நடுவில் வெள்ளைப் பக்கம் கீழே தெரிய ஒரு ஃபிளெக்ஸ் பேனரைக் கட்டி நிழல் பண்ணியிருந்தார்கள். அதன் கீழே இரு கோஷ்டிகளும் முதுகோடு முதுகாக நின்று, யார் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தன.

"ஐயா, அம்மா, ஒரு வாய் சாப்பிட்டுட்டுச் சண்டை போடுங்களேன்!"

"இரும்மா, மொதல்ல இது தீரட்டும்" என்றார் சஃபாரி சட்டைக்காரர்.

"அவரு கையெழுத்தைப் போடட்டும், உடனே சாப்பிடுறோம்" என்றார் எதிர்க் கோஷ்டி அம்மாள்.

குழம்பு வாசம் லாரிகளை எட்டிவிட்டது. கரி படிந்த முகத்தோடு ஒரு டிரைவர் வந்தான். "அக்கா, சாப்பாடு கெடைக்குமா?"

"இது விருந்தாளிங்களுக்குப்பா."

காசியம்மா மறுபடியும் போய்க் கூப்பிட்டாள். ஒருத்தர் முகமும் திரும்பவில்லை. அவளுக்கு வந்ததே கோபம்!

"சின்னப்பிள்ள, இலையைப் போடுடி! பசிச்சவன் சாப்புடட்டும்!"

லாரிக்காரர்கள் மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அண்டாவைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்கும் கொண்டாருவீங்களா அக்கா? இங்க எப்பவும் லாரி நிக்கும்" என்று கேட்டு, காசைக் கையில் திணித்துவிட்டுப் போனான் அந்த டிரைவர்.

"ஊரு ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்" என்று சின்னப்பிள்ளை சிரித்தாள். காசியம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வாரா வாரம் வரவேண்டிய வண்டியல்லவா கைநழுவிப் போகிறது!

"யாரு தம்பி இவங்கள்லாம்? இப்படியுமா டூருக்கு வருவாங்க?"

கார்த்திகேசன் தலையைச் சொறிந்தான். அதற்குள், "திரும்பிப் போகலாம். அடுத்த கூட்டத்துல பேசிக்குவோம்" என்று ஒருவழியாக இரு கோஷ்டிகளும் ஒத்துப்போயின. சஃபாரிக்காரர் ஒரு முனையையும் அந்த அம்மாள் மறு முனையையும் பிடித்து ஃபிளெக்ஸை அவிழ்த்துத் திருப்பினார்கள்.

காசியம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள்:

'எல்லையில்லாச் சுற்றுலா! வறுமை ஒழிப்புக்கான இரு அரசுகளின் கூட்டுக் குழு உங்களை வரவேற்கிறது. இனி எந்த வண்டியும் எல்லையில் நிற்காது!'