ஈரம் காயாத கார்

துறையூரிலிருந்து காரை வாங்க ஆள் வரும் நேரம். கழுவிய காரைத் துடைக்க ரெங்கராஜ் துண்டை எடுத்தார். மனைவி வேணி அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

“துண்டால தேய்க்காதீங்க, கீறல் விழும்.”

“சரி, வெயில்ல காயட்டும்.”

“போர்வெல் தண்ணி. காஞ்சா வெள்ளை வெள்ளையா திட்டு நிக்கும்.”

“அப்ப கடையில நல்ல துணியா வாங்கிட்டு வரேன்.”

“விக்கிற வண்டிக்கு அது ஒண்ணுதான் குறைச்சல்!”

ரெங்கராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. பார்வை மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவருக்குப் பாதி உயிர் போயிருந்தது. காரை விற்க அவளும் மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். இன்று காயவே விடமாட்டேன் என்கிறாளே?

“வேற எப்படிம்மா காயவைக்கிறது?”

“முக்கொம்பு அணை வரைக்கும் ஓட்டினா காத்துலயே காஞ்சிடும்.”

“யாரு ஓட்டுறது? கிண்டல் பண்றியா?”

வேணி சாவியை வாங்கிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். குறுகலான கேட்டை உரசாமல் கார் ரிவர்ஸில் தெருவுக்கு வந்து நின்றது.

“எ... எப்ப கத்துக்கிட்ட?”

“தினம் விடியக்காலைல ரெங்கநாதரைப் பாக்கப் போனேன்னுதானே நெனச்சீங்க? நேத்துதான் லைசென்ஸ் வந்துச்சு. துறையூர்க்காரரை வரவேண்டாம்னு சொல்லியாச்சு. ஏறுங்க.”

அவருக்குக் குழப்பம் தீரவில்லை.

“அப்ப எதுக்கு என்னைக் கழுவ விட்ட?”

“பின்ன, அழுக்கு வண்டியிலயா முக்கொம்புக்குப் போறது?”