புயலுக்குப் பிடித்த விளையாட்டு

இரண்டு வருடமாக இணையத்தில் அந்தப் பல் டாக்டரோடு கூட்டுச் சேர்ந்து ஆடும், முகம் தெரியாத 'புயல்', அன்று மாலை திரையில் எழுதினான்: "இதுவரைக்கும் ஆடினதுல உனக்கு ரொம்பப் பிடிச்ச வீடியோ கேம் எதுன்னு சொல்லவா?"

"சொல்லு பார்ப்போம்!" என்று தட்டினார் டாக்டர்.

"மூணாவது கார் ரேஸ். ரெண்டாவது துப்பாக்கிச் சண்டை. முதலிடம், கோழி வளர்க்கிற கேம். வெளிய சொல்லத்தான் உனக்கு வெட்கம்."

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் அது! துணி மடித்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டார்.

"புயல் நீதானா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? கோழி விஷயத்தை அம்மாகிட்ட போன்ல சொல்லிச் சிரிச்சேன், அவ்வளவுதான்."

அப்படியானால் மாமியாரா? டாக்டர் உடனே தட்டினார்: "அத்தை, நீங்களா?"

பதில் வந்தது.

"உங்க அத்தை குளிக்கப் போயிருக்கா. நான் மாமா. ரெண்டு வருஷமா ஆடுறது நான்தான்."

இருவரும் திரையை நெருங்கி அந்த வரியை மறுபடி படித்தார்கள். மகள் காதல் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து இந்த வீட்டு வாசலை மிதிக்காத, போனில்கூட ஒரு வார்த்தை பேசாத மனிதர்!

"அப்பாவா?" என்றாள் அவள்.

திரையில் அடுத்த வரி வந்தது.

"ஆட்டத்தை நிறுத்திடாதீங்க மாப்பிள்ளை. எனக்கு முதலிடம், உங்ககூட ஆடுறதுதான்."