நிற்காத மிதி

மேசைமேல் கிடக்கும் போனிலிருந்து மகள் அழுகிறாள். "அம்மா, இவங்க சொல்றதக் கேளும்மா." உடனே ஓர் ஆண் குரல்: "போலீஸ் பேசுறேன். உங்க பொண்ணு எங்ககிட்ட இருக்கா. லைன கட் பண்ணாதீங்க. யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது." தையல் மெஷின் மிதியில் இருந்த தையல்காரியின் கால் நின்றுவிடுகிறது. "மெஷின் சத்தம் ஏன் நின்னுச்சு? யார்கிட்ட சொல்றீங்க?" பதறி மிதிக்கிறாள். நூல் அறுந்த ஊசி துணியைச் சும்மா குத்திக்கொண்டே ஓடுகிறது. எதிரே கணவர் முதுகைக் காட்டியபடி இஸ்திரி போடுகிறார். சாக்பீஸை எடுத்து, வெட்டிவைத்த கறுப்புத் துணியில் மகளின் பெயரையும் 'போலீஸ்' என்றும் கிறுக்கி அவர்மேல் வீசுகிறாள். அவர் படிக்கிறார், வாசலுக்குப் போய்த் தன் போனில் மகளை அழைக்கிறார், திரும்பி வந்து அதை அவள் காதில் வைக்கிறார். "என்னப்பா, காலேஜ்லதான் இருக்கேன். சாப்பிடுறேன்." மேசைமேல் அதே குரல் இன்னும் தேம்புகிறது. இரண்டும் அவள் பெற்ற மகளின் குரல்; ஒன்று கம்ப்யூட்டரில் செய்த போலி. அவள் விரல் மேசைமேல் இருக்கும் போனின் சிவப்புப் பொத்தான்வரை போகிறது. "அம்மா, வச்சிராதம்மா" என்கிறது மேசைமேல் இருக்கும் குரல். விரல் அங்கேயே நின்றுவிடுகிறது. கால் இன்னும் மிதிக்கிறது.